கையெழுத்துப் போட முன்

அன்புள்ள அக்கா,

நான் வடமராட்சியில் இருக்கிறேன். கார்மென்ட்ஸில் தையல் மெசினில் வேலை. நாலு வருடமும் ஏழு மாதமும் ஆகிறது. கொரோனா வந்த பிறகு முதலில் ஓ.ரி. (மேலதிக நேர வேலை) நின்றது. இப்போது ஓடர் இல்லையென்று கிழமைக்கு மூன்று நாள்தான் வேலை. போன வெள்ளிக்கிழமை எங்கள் லைனில் 16 பேரைக் கூப்பிட்டு ஆளுக்கொரு கடதாசி தந்தார்கள். ‘சொந்த விருப்பத்தில் வேலையை விட்டு விலகுகிறேன்’ என்று அடித்திருக்கிறது. கையெழுத்து வைத்தால் ஒரு மாதச் சம்பளம் தருவார்களாம். ஓடர் வந்ததும் எங்களைத்தான் முதலில் கூப்பிடுவார்களாம். அடுத்த திங்கள் முடிவு சொல்ல வேண்டும். அம்மாவும் தம்பியும் என் சம்பளத்தில்தான் இருக்கிறார்கள். நுண்கடன்காரர் செவ்வாய் தவறாமல் வாசலுக்கு வருகிறார். நித்திரை இல்லை அக்கா. என்ன செய்யட்டும்?

(பெயர் போட வேண்டாம்)

அன்புத் தங்கச்சி,

திங்கட்கிழமைக்கு முன் உங்கள் கையில் கிடைக்கட்டும் என்று பதிலை அன்றே அனுப்பிவிட்டேன். மற்றப் பதினைந்து பேரும் படிக்கட்டும் என்று நீங்கள் சொன்னதால் இங்கேயும் போடுகிறேன்.

அந்தக் கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். ஓடர் இல்லாமல் போனது உண்மையாகவே இருக்கட்டும். வெளிநாட்டுக் கடைகள் பூட்டிக் கிடக்க, தைத்த உடுப்பை வாங்க ஆளில்லாமல் போனது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வேலை இல்லையென்று அவர்கள் உங்களை நிறுத்துவது ஒன்று, நீங்களாக விட்டுப் போனது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் இருப்பது உங்கள் கையெழுத்து மட்டும்தான்.

வேலையிலிருந்து நிறுத்துவது பற்றி இலங்கையில் 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்கக் குற்றம் எதுவும் இல்லாத ஒரு தொழிலாளியை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். முந்திய 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்தவருக்குத்தான் இது பொருந்தும். நாலரை வருடமாகப் போய் வருகிற உங்களுக்கு அது பிரச்சினையாக இராது. ஆணையாளரிடம் போனால் நட்டஈடும் கணக்குப் பார்ப்பார்கள். முதல் ஐந்து வருடச் சேவைக்கு, வருடமொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம். நாலு வருடத்துக்கே பத்து மாதம். உங்களுக்குக் காட்டுவது ஒரு மாதம்.

இன்னொன்று. வேலையை விட்டுப் போகும்போது முதலாளி தர வேண்டிய பணிக்கொடை ஐந்து வருடம் முடித்தவருக்குத்தான். உங்களுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அந்தக் கடதாசியை அடித்தவருக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

பழைய பே சீற்றுகளையும் எடுத்துப் பாருங்கள். 2020 மே மாதம் தொழில் அமைச்சும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஒன்றை ஒத்துக்கொண்டார்கள். வேலை கொடுக்க முடியாமல் வீட்டில் நிற்கிறவருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, எது கூடவோ அது. முதலில் இரண்டு மாதத்துக்கென்றார்கள், பிறகு நீட்டினார்கள். நீங்கள் வீட்டில் இருந்த மாதங்களில் என்ன விழுந்திருக்கிறது? உங்களிடம் வெட்டிய 8 சதவீதத்தோடு அவர்களுடைய 12 சதவீதமும் ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எவ்.) போயிருக்கிறதா?

இதையெல்லாம் நான் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் நித்திரை இல்லாமல் போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் அப்பா காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1990 இல் சண்டை தொடங்கித் தொழிற்சாலை நின்றது, நாங்களும் ஊரை விட்டு எழும்பினோம். இடம்பெயர்ந்து போய் இருந்த வீட்டில் அப்பா விடிய நாலரைக்கே எழும்பிவிடுவார். முகம் கழுவி, சேட்டைப் போட்டுக்கொண்டு திண்ணையில் இருப்பார். போக இடமில்லை. ஆறு மணிக்கு அம்மா தேத்தண்ணி கொடுக்கும்வரை அப்படியே இருப்பார். அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு ‘பயப்படாதே’ என்று உங்களுக்குச் சொல்ல வாய் வராது.

ஓடும்போது அம்மா நகையை எடுத்தார். அப்பா எடுத்தது ஒரு பிஸ்கட் தகரம். உள்ளே நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், அடையாள அட்டை. மழையில் தகரம் கறள் பிடித்தது, கடதாசி ஓரங்களில் கறை ஏறியது. வருடங்கள் கழித்து அவருடைய சேமலாப நிதியை எடுத்தது அந்தக் கடதாசிகளை வைத்துத்தான். நகை அதற்கு எவ்வளவோ முன்பே அடகுக் கடைக்குப் போய்விட்டது.

கடனைப் பற்றி ஒரு சொல். அந்த ஒரு மாதச் சம்பளத்தை வைத்து எத்தனை செவ்வாயைக் கடத்தலாம் என்று நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். அதுதான் என்னை உறுத்துகிறது. கடன்காரர் வாசலில் நிற்கும்போதுதான் இப்படியான கடதாசிகள் நீட்டப்படுகின்றன. தவணையைத் தள்ளித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். வீட்டில் நாலு பேரை வைத்துக்கொண்டு கேளுங்கள், தனியாகக் கேட்க வேண்டாம்.

திங்கட்கிழமை ‘வாசித்து விளங்கிக்கொள்ள நேரம் வேண்டும்’ என்று மட்டும் சொல்லுங்கள். சண்டை பிடிக்க வேண்டாம். கடதாசியைத் திருப்பிக் கொடுக்க முதல் போனில் படம் எடுத்து வையுங்கள். வேலைக்கு வரவேண்டாம் என்றால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தராவிட்டால், யார், எந்த நாள், எத்தனை மணிக்குச் சொன்னார் என்று கொப்பியில் எழுதுங்கள். பிறகு நியமனக் கடிதம், பே சீற்றுகளின் போட்டோப் பிரதிகளோடு யாழ்ப்பாணத் தொழில் அலுவலகத்துக்குப் போய் முறைப்பாடு எழுதிக் கொடுங்கள். 16 பேரும் சேர்ந்து போனால் நல்லது. நாலு பேர்தான் வருகிறார்கள் என்றாலும் போங்கள்.

ஒருவரும் வராவிட்டால் எனக்கு எழுதுங்கள். பஸ் ஸ்ராண்டில் காத்து நிற்கிறேன், சேர்ந்து போவோம்.