யுபிக்விட்டின் ஒட்டும் என்சைம்: கேள்வி பதில்

யுபிக்விட்டின் என்பது மற்றப் புரதங்கள் மேல் ஒட்டப்படும் ஒரு சிறு புரதம். ஈ1 என்சைம் ஏடிபியைச் செலவழித்து அதைத் தயார் செய்யும், ஈ2 வாங்கிச் சுமக்கும், ஈ3 அதை இலக்குப் புரதத்தில் ஒட்ட வைக்கும். இன்று யுபிஇ2டி2 என்ற மனித ஈ2 என்சைமைப் பற்றிப் பேசலாம். பழைய ஆட்கள் இதை யுபிசிஎச்5பி என்பார்கள். எடை ஏறத்தாழ 17 கிலோடால்டன். புரதச் சிதைவில் வேலை செய்பவர்கள் முதலில் எடுத்துப் பார்க்கும் ஈ2 பெரும்பாலும் இதுதான்.

கேள்வி: மனிதப் புரதத்தை ஏன் ஈ.கோலையில் தயாரிக்கிறார்கள் அக்கா?

ஈ.கோலையில் யுபிக்விட்டினே கிடையாது. அதை ஒட்டும் என்சைமும் இல்லை, பிரித்தெடுக்கும் என்சைமும் இல்லை. அதனால் உங்கள் குழாயில் நீங்கள் போட்டது மட்டும்தான் இருக்கும். முயல் ரெட்டிகுலோசைட் லைசேட் (முயலின் இளம் சிவப்பணுக்களை உடைத்தெடுத்த சாறு) இதற்கு நேரெதிர். ஹெர்ஷ்கோவும் சிச்சனோவரும் இந்த முறைமையைக் கண்டுபிடித்ததே அந்த லைசேட்டில்தான் (ரோஸுடன் சேர்த்து 2004 நோபல்). அதில் ஈ1, ஈ2, புரோட்டியசோம் (யுபிக்விட்டின் ஒட்டிய புரதங்களைச் சிதைக்கும் இயந்திரம்) எல்லாமே உண்டு. சப்ஸ்ட்ரேட்டை (யுபிக்விட்டின் ஒட்டப்படும் இலக்குப் புரதத்தை) அதில் தயாரித்து அப்படியே ரியாக்‌ஷனில் ஊற்றினால், வந்தது யார் செய்த வேலை என்று சொல்ல முடியாது.

கேள்வி: எப்படிச் சேமிப்பது?

வந்த அன்றே 5 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 80இல் வையுங்கள். ஐஸில் உருக்குங்கள். உருக்கியதை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

கேள்வி: ஈ1, ஏடிபி எல்லாம் போட்டும் ஈ2 மேல் யுபிக்விட்டின் ஏறிய பேண்ட் தெரியவில்லை.

ஏறியிருக்கும், நீங்கள்தான் சாம்பிள் பஃபரில் உடைத்துவிட்டீர்கள். 85ஆம் இடத்து சிஸ்டீனோடு யுபிக்விட்டின் தையோஎஸ்டர் பிணைப்பில் நிற்கிறது. சாதாரண சாம்பிள் பஃபரில் இருக்கும் டிடிடியோ மெர்காப்டோஎத்தனாலோ பட்டால் அந்தப் பிணைப்பு போய்விடும். இரண்டும் இல்லாத பஃபரில், கொதிக்க வைக்காமல் ஓட்டுங்கள். 25 கிலோடால்டன் பக்கம் தெரியும். பக்கத்து லேனில் டிடிடி போட்ட அதே சாம்பிள் ஓடட்டும். அங்கே பேண்ட் மறைந்தால்தான் அது தையோஎஸ்டர். ஏடிபி இல்லாத லேன் கட்டாயம்.

கேள்வி: எம்டிஎம்2 (ஈ3), யுபிஇ2டி2, பி53 (அதன் சப்ஸ்ட்ரேட்) போட்டேன். யுபிக்விட்டின் ஆன்டிபாடியில் மேலே பெரிய ஸ்மியர் (தனி பேண்டாகப் பிரியாத நீளக் கறை). பி53 சிதைவுக்குக் குறி வைக்கப்பட்டது என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். அந்த ஆன்டிபாடி யுபிக்விட்டினைக் காட்டும். அது யார் மேல் ஒட்டியது என்று காட்டாது. எம்டிஎம்2 தன் மேலேயே யுபிக்விட்டினை ஒட்டிக்கொள்ளும். ஜெல்லில் அது 90 கிலோடால்டன் பக்கம் ஓடும், பி53 53இல் ஓடும். பி53 ஆன்டிபாடியில் பாருங்கள். ஒரு யுபிக்விட்டின் 8.5 கிலோடால்டன்; அப்படியானால் 61, 70 என்று படிப்படியாக ஏணி தெரிய வேண்டும். உங்கள் எம்டிஎம்2வில் ஜிஎஸ்டி டேக் (சுத்திகரிக்க வசதியாகச் சேர்த்த துணைப் புரதம்) இருந்தால் இன்னும் கவனம். ஜிஎஸ்டி இரண்டிரண்டாகச் சேரும், அதிலும் யுபிக்விட்டின் ஒட்டக்கூடிய லைசீன்கள் உண்டு.

அவரே: எத்தனையோ பேப்பரில் இந்த ஸ்மியரைத்தானே காட்டுகிறார்கள்?

காட்டுகிறார்கள். சப்ஸ்ட்ரேட் இல்லாத லேனைப் பக்கத்தில் வைத்தார்களா என்று தேடிப் பாருங்கள்.

இன்னொருவர்: எனக்கு சப்ஸ்ட்ரேட் போடாத லேனிலும் அதே ஸ்மியர் வந்தது அக்கா.

இதைத்தான் சொல்கிறேன். என் முதல் வருட ஆராய்ச்சியில் ஆறு மாதம் இதே ஸ்மியரை நம்பி வீணாகப் போனது. உங்களுக்கு அது நடக்கக் கூடாது.

முதலில் கேட்டவர்: பி53 ஆன்டிபாடியிலும் ஏணி வருகிறது. இப்போது ஒப்புக்கொள்வீர்களா?

பி53 மேல் ஒட்டியது என்பதை மகிழ்ச்சியாக ஒப்புக்கொள்கிறேன். சங்கிலி (யுபிக்விட்டின் மேல் யுபிக்விட்டின்) என்று இன்னும் ஒப்பவில்லை. எம்டிஎம்2 பல லைசீன்களில் ஒவ்வொரு யுபிக்விட்டினாக ஒட்டக்கூடியது. ஜெல்லில் அதுவும் ஏணிதான். லைசீன் இல்லாத யுபிக்விட்டினை (அதன் மேல் சங்கிலி கோக்க இடமில்லை) வைத்து மறுபடி ஓட்டுங்கள். ஏணி அப்படியே நின்றால் தனித்தனி ஒட்டு, குட்டையானால் சங்கிலி. சங்கிலியே ஆனாலும், யுபிஇ2டி2 யுபிக்விட்டினின் லைசீன் 11, 48, 63 என்று பலவிதமாகக் கோக்கும். புரோட்டியசோமுக்கு அனுப்பும் முக்கியமான சங்கிலி 48. கடைசியாக 26எஸ் புரோட்டியசோமும் ஏடிபியும் சேர்த்து, பி53 பேண்ட் குறைகிறதா, புரோட்டியசோமைத் தடுக்கும் எம்ஜி132 போட்டால் குறையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டும் நடந்தால் "சிதைந்தது" என்று எழுதுங்கள். நானே படித்துப் பார்க்கிறேன்.

கேள்வி: யுபிஇ2எல்3 (இன்னொரு ஈ2) என் ரிங் வகை ஈ3யோடு வேலையே செய்யவில்லை. என்சைம் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. அது லைசீனுக்கு நேரடியாகக் கொடுக்காது, சிஸ்டீனுக்குத்தான் கொடுக்கும். தன் சிஸ்டீனில் யுபிக்விட்டினை வாங்கிக்கொள்ளும் ஹெக்ட் வகை ஈ3க்கும் பார்கின் போன்ற ஆர்பிஆர் வகை ஈ3க்கும் அது சரி. சாதாரண ரிங்குக்கு யுபிஇ2டி2 எடுங்கள்.

கேள்வி: ஒருமுறை உருக்கியதை மறுபடி உறைய வைக்கலாமா?

மேலே சொல்லிவிட்டேன். கூடாது.

கேள்வி: எந்த கம்பெனி நல்லது?

பெயர் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு லாட்டுக்கும் ஆக்டிவிட்டி ஜெல் காட்டுகிறார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு மைலோமா. இந்த என்சைமைக் கொடுத்தால் உதவுமா மேடம்?

இல்லை அய்யா. இது குழாயில் சோதனை செய்ய மட்டும். மனித உடம்பில் செலுத்தக் கூடாது. மைலோமாவுக்கு புரோட்டியசோமைத் தடுக்கும் போர்டிசோமிப் என்ற மருந்து 2003 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. அப்பாவுக்கு அது பொருந்துமா என்று அவரைப் பார்க்கும் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: அக்கா, ஐஸில் இரண்டு மணி நேரம் வைத்தது, மறுபடி மைனஸ் 80இல்...

வேண்டாம் தம்பி. பிரித்து வைத்ததில் புது அலிக்வாட் எடுங்கள். ஏடிபி இல்லாத லேனை மறக்காதீர்கள்.