சென்ஹைசர் எச்டி 800 எஸ், ஆடீஸ் எல்சிடி-எக்ஸ்: ஒலியிலும் கட்டுமானத்திலும் எது மேல்?

இந்த இரண்டு ஹெட்ஃபோன்களையும் கடையில் கையில் வாங்கிப் பார்த்தால் ஆடீஸ்தான் ஜெயிக்கும். அலுமினிய வளையம், மெத்மெத்தென்ற தோல் பேட். தூக்கும்போதே காசு எங்கே போனது என்று தெரிந்துவிடும். பக்கத்தில் சென்ஹைசரை வைத்தால் பிளாஸ்டிக் சாமான் மாதிரி இருக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன், தலையில் மாட்டி ஒரு மணி நேரம் உட்காரும் வரை.

எச்டி 800 எஸ் கேபிள் இல்லாமல் 330 கிராம். எல்சிடி-எக்ஸ் 612 கிராம். அந்தக் கனம் பகட்டுக்காக வந்ததில்லை. எல்சிடி-எக்ஸ் பிளானர் வகை. அதில் 106 மி.மீ. அகலத்துக்கு மெல்லிய படலம் விரிந்திருக்கும், அது முழுக்க அசைய வரிசையாகக் காந்தங்கள் வேண்டும். சென்ஹைசரில் ஒலி எழுப்பும் பாகம் 56 மி.மீ. வளைய டிரைவர், அவ்வளவுதான். கழுத்து வலி உள்ளவர்கள் இந்த எடை வித்தியாசத்தை வைத்தே முடிவு செய்துவிடலாம்.

ஒலிக்கு வருவோம். நான் எந்த ஹெட்ஃபோனையும் தனி ஆவர்த்தனத்தில்தான், அதாவது கச்சேரியில் மிருதங்கமும் கடமும் தனியாக வாசிக்கும் பகுதியில்தான் சோதிப்பேன். எல்சிடி-எக்ஸில் தொப்பியின் (மிருதங்கத்தின் இடப்பக்கம்) கும்கி, அந்த ஆழ்ந்த 'கும்' ஓசை, வயிற்றில் இறங்கும். பிளானர் பேஸ் அடிமட்டம் வரை தளராமல் போகிறது. ஆனால் 3, 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒலி குறைந்து ஒரு பள்ளம் இருப்பதால் பாடகர் இரண்டடி பின்னால் தள்ளி உட்கார்ந்த மாதிரி இருக்கும். எச்டி 800 எஸ்ஸில் கும்கிக்கு அந்தச் சதை இல்லை. பதிலுக்கு வலந்தலையில் (மிருதங்கத்தின் வலப்பக்கம்) விரல் விழும் இடமும், கடம் வாசிப்பவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் துல்லியமாகத் தெரியும். 2009-ல் வந்த பழைய எச்டி 800-ல் 6 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒரு மேடு. 'ச', 'ஸ' எல்லாம் காதைக் குத்தும். எஸ் மாடலில் அதை உறிஞ்ச ஒரு ஏற்பாடு வைத்துத் தணித்திருக்கிறார்கள். இருந்தாலும் பழைய கேசட் பதிவுகளின் இரைச்சலை அது மன்னிப்பதில்லை.

ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எல்சிடி-எக்ஸின் மின் எதிர்ப்பு 20 ஓம், போனில் செருகும் நல்ல டாங்கிளிலேயே பாடும். எச்டி 800 எஸ் 300 ஓம், நல்ல ஆம்ப் இல்லாமல் வாங்காதீர்கள்.

கட்டுமானம் என்றால் என்னைப் பொறுத்தவரை உடைந்தபின் என்ன ஆகும் என்பதுதான். பெயர் வேண்டாம், வேறொரு கம்பெனியின் விலை கூடிய பிளானர் ஒன்று, தலைப்பட்டை இணைப்பில் விரிசல் விட்டது. ஒரு சின்னத் துண்டுக்கு இரண்டு மாதம் காத்திருந்தேன். அதிலிருந்து பேட், கேபிள், பட்டை எல்லாம் வீட்டிலேயே கழற்றி மாட்ட முடியுமா என்றுதான் முதலில் பார்க்கிறேன். எச்டி 800 எஸ்ஸின் துணி பேட் கிளிப்பில் மாட்டுவது, சட்டென்று கழன்று வரும். எல்சிடியின் பேட் ஒட்டி வைப்பது, உரித்து எடுக்கப் பொறுமை வேண்டும். மே மாதச் சென்னையில் தோல் பேட் வியர்வையில் ஊறுவது வேறு கதை.

என் ஓட்டு எச்டி 800 எஸ்ஸுக்கு. சினிமாப் பாட்டும் பேஸும்தான் உயிர் என்றால் எல்சிடி-எக்ஸ் வாங்குங்கள், தப்பில்லை. ஒன்று மட்டும்: இரண்டுமே ஓப்பன் பேக், வெளிச் சத்தம் அப்படியே உள்ளே வரும். உங்கள் அறையில் ஏசி இல்லாமல் ஃபேன் ஐந்தில் ஓடுகிறது என்றால், இத்தனை லட்சம் பேசுவதற்கு முன் அந்த ஃபேனின் பேரிங்கை மாற்றுங்கள்.