பார்வையற்றவர் மலை ஊரில் போன் காட்டும் வழியை நம்பித் தனியாக நடக்க முடியுமா?

கோவையில் இருக்கும் உங்கள் தம்பிக்குக் குன்னூரில் வேலை கிடைத்திருக்கிறது, அவருக்குப் பார்வை இல்லை, போனில் மேப் வைத்துக்கொண்டு தனியாகப் போய்வர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். எனக்கும் பார்வை இல்லை. 11 வருடமாக இதே ஊரில் தனியாகத்தான் வேலைக்குப் போய்வருகிறேன். ஆனால் கோவையில் நடந்த பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது.

சமவெளியில் ஜிபிஎஸ் 5 மீட்டர் தப்பினால் பக்கத்துக் கடை வாசலில் போய் நிற்போம், அவ்வளவுதான். இங்கே அதே 5 மீட்டர் தப்பினால், மேல் ரோட்டில் நிற்கிற நம்மைக் கீழ் ரோட்டில் நிற்பதாகப் போன் நினைத்துக்கொள்ளும். மேப்பில் இரண்டு ரோடும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். நிஜத்தில் நடுவே இரண்டு ஆள் உயரத் தடுப்புச் சுவர். உயரத்தைக் கணிப்பதில் ஜிபிஎஸ் பொதுவாகவே பலவீனம். போதாததற்கு ஒரு பக்கம் மலை, மேலே தைல மரம். செயற்கைக்கோள் சிக்னல் பாதி வானத்திலிருந்துதான் வரும்.

ஒருநாள் சாயங்காலம், தூறல். இங்கே பெட்ஃபோர்டு என்கிற பகுதியிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். "இடதுபுறம் திரும்பவும்" என்றது செயலி. கோலை இடப்பக்கம் நீட்டினேன், நுனியில் தரை தட்டவில்லை. இன்னும் தாழ்த்தினேன், அப்போதும் இல்லை. அப்புறம்தான் கவனித்தேன், தகரக் கூரையில் தூறல் விழுகிற சத்தம் என் காலுக்குக் கீழேயிருந்து வந்துகொண்டிருந்தது. யார் வீட்டிலோ ரசம் தாளிக்கிற வாசனையும் கீழேயிருந்துதான். டீக்கடை அக்கா ஓடிவந்து, "அங்க வழி இல்ல தம்பி, படி இன்னும் பத்தடி தள்ளி" என்று கையைப் பிடித்தார். செயலி சொன்ன ரோடு கீழே இருந்தது. அதற்கு இறங்கும் படி மேப்பிலேயே இல்லை.

அன்றிலிருந்து போன் எந்தத் திருப்பத்தைச் சொன்னாலும், கோல் ஒத்துக்கொண்ட பிறகுதான் காலை வைக்கிறேன்.

அதனால் தம்பிக்கு, 'திரும்பு' என்று உத்தரவு போடாமல் திசையை மட்டும் உணர்த்துகிற செயலிதான் நல்லது. மைக்ரோசாஃப்ட் 2018-இல் சவுண்ட்ஸ்கேப் என்று ஒன்று கொண்டுவந்தது. போக வேண்டிய இடம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலிருந்து ஹெட்போனில் ஒரு ஒலி கேட்டுக்கொண்டே இருக்கும். எப்படிப் போவது என்பது நம் முடிவு. 2023-இல் அதை நிறுத்திவிட்டு நிரலைப் பொதுவில் விட்டார்கள். அதிலிருந்து வந்ததுதான் வாய்ஸ்விஸ்டா, ஐபோனில் கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு என்றால் லாசரில்லோ பார்க்கலாம். ஹெட்போன் மட்டும் காதை அடைக்காமல், எலும்பு வழியாக ஒலி கடத்துகிற வகையாக இருக்கட்டும். வளைவில் பஸ் அடிக்கும் ஹாரன் காதில் விழாவிட்டால் எந்தச் செயலியாலும் பிரயோஜனம் இல்லை.

ஐஐடி டெல்லியின் ஸ்மார்ட்கேனும் வாங்கலாம். கோலின் கைப்பிடியில் மாட்டுகிற கருவி. முழங்காலுக்கு மேலே இருக்கும் தடையை 3 மீட்டர் வரைக்கும் அதிர்வாகச் சொல்லும். நிறுத்தி வைத்த ஜீப்பின் கண்ணாடி, தாழ்ந்த கூரை விளிம்பு எல்லாம் நெற்றியில் இடிக்காது. பள்ளத்தை மட்டும் அது சொல்லாது, அது கோல் நுனியின் வேலை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. சவுண்ட்ஸ்கேப் வழிவந்த செயலிகள் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்கிற பொது மேப்பைத்தான் படிக்கின்றன. அதில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். தம்பி வேலையில் சேர்வதற்கு ஒரு வாரம் முன்னால் நீங்களும் கூட வாருங்கள். தங்கும் இடத்திலிருந்து ஆபீஸ் வரை இரண்டு பேரும் நடந்து, ஒவ்வொரு படிக்கட்டும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை படி, கைப்பிடிக் கம்பி எந்தப் பக்கம் என்று அதில் ஏற்றிவிடுங்கள். இதற்கெல்லாம் அதில் தனித்தனி இடம் உண்டு. பார்வை இருக்கிற ஒருவர் அரை நாள் உட்கார்ந்தால் முடிகிற வேலை. தம்பிக்குப் பிறகு வருகிறவர்களுக்கும் அது அங்கேயே இருக்கும்.

நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் சேர்ந்து இதுவரை ஐந்து படிக்கட்டுகளை ஏற்றியிருக்கிறோம். தம்பி பெட்ஃபோர்டு பக்கம் தங்குவதாக இருந்தால், நான் சொன்ன அந்தப் படி இப்போது மேப்பில் இருக்கிறது. மொத்தம் 64. இறங்கும்போது கம்பி வலப்பக்கம். 41-ஆவது படி உடைந்திருக்கிறது, அதை மட்டும் கோலால் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள்.