ஃபேரிங் இல்லாத பைக்குக்கு 180 குதிரைத்திறன் எதற்கு?

கேள்வி: கேடிஎம் 1290 சூப்பர் டியூக் ஆர் போன்ற நேக்கட் பைக்குகளில் காற்றைத் தடுக்க ஃபேரிங் (வண்டியின் முன்னும் பக்கங்களிலும் பொருத்தப்படும் பிளாஸ்டிக் உறை) கிடையாது. அப்படியிருக்க, 180 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு அது என்ன செய்யப்போகிறது? விளம்பரத்துக்காகச் சொல்லப்படும் எண்தானா?

அதிகபட்ச வேகத்தை மட்டும் வைத்து எடைபோட்டால் உங்கள் சந்தேகம் நியாயமானதே. ஆனால் 2012 நவம்பரில் மிலான் கண்காட்சியில் மாதிரி வண்டியாகக் காட்டப்பட்டு, 2014இல் விற்பனைக்கு வந்த இந்த பைக்கின் இன்ஜினை நான் புரிந்துகொண்ட வரையில், அதை உருவாக்கியவர்கள் அதிகபட்ச வேகத்தைக் குறிவைக்கவில்லை. நிமிடத்துக்கு 4,000 சுழற்சிகளில் தொடங்கி 8,000 வரை பின்சக்கரத்துக்கு என்ன போய்ச் சேருகிறது என்பதே அவர்கள் கவனம் முழுவதையும் எடுத்துக்கொண்டிருக்கிறது. நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். தெற்கு ஜெர்மனியில் வேலை செய்த ஆண்டுகளில் இந்த பைக்கின் முதல் தலைமுறையை ஓட்டிப் பழகியவன். எனவே கணக்கையும் அனுபவத்தையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில் காற்றை எடுத்துக்கொள்வோம். காற்றுத்தடையை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதாவது வேகம் இரட்டிப்பானால் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிறது. நிமிர்ந்து உட்கார்ந்த ஓட்டுநருடன் ஒரு நேக்கட் பைக்கின் இழுவைக் கெழுவையும் (வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் எண்) முன்பரப்பையும் பெருக்கினால் ஏறத்தாழ 0.6 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இதன்படி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்றை வெல்ல 8 கிலோவாட், அதாவது சுமார் 11 குதிரைத்திறன் போதும். 200 கி.மீ. வேகத்தில் அது 60 கிலோவாட்டைத் தாண்டுகிறது. 250ஐ நெருங்கும்போது ஏறத்தாழ 120 கிலோவாட் தேவைப்படுகிறது. இன்ஜின் தரும் 132 கிலோவாட்டில் கியர்பெட்டியிலும் செயினிலும் ஆகும் இழப்பு போகப் பின்சக்கரத்துக்குக் கிடைப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஃபேரிங் உள்ள சூப்பர்பைக்கில் டேங்க் மீது குனிந்து படுத்துக்கொள்பவருக்கு இதில் பாதிக்குச் சற்று மேற்பட்ட திறனே போதும். ஆகவே உச்ச வேகத்துக்காக ஒருவர் இந்த பைக்கை வாங்கினால் அவர் தவறான வண்டியை வாங்குகிறார் என்றே சொல்வேன்.

அப்படியானால் முடுக்கத்துக்காகவா என்றால், அங்கேயும் 180 முழுவதும் உடனே பயன்படுவதில்லை. இதுதான் இந்த வகை பைக்குகளில் எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் சிக்கல். எரிபொருள் இல்லாமல் 189 கிலோ எடையுள்ள பைக்கோடு பெட்ரோல், எண்ணெய், ஓட்டுநர் எல்லாம் சேர்ந்தால் சுமார் 290 கிலோ ஆகும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தொலைவு 1,482 மி.மீ.; கூட்டு ஈர்ப்பு மையம் ஏறத்தாழ அதன் நடுவில், தரையிலிருந்து 68 செ.மீ. அளவில் இருப்பதாகக் கொண்டால், பின்சக்கரம் தரையை 3,100 நியூட்டன் விசையோடு உந்தும்போதே முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிடும். திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கிவரும் தொகை. பின்சக்கரத்தில் கிடைக்கும் 120 கிலோவாட்டை இந்த 3,100 நியூட்டனால் வகுத்தால் வினாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கி.மீ. என்று விடை வருகிறது. இதன் பொருள், தோராயமாக 140 கி.மீ. வேகம் வரை இந்த பைக்கின் முடுக்கத்துக்கு எல்லை வகுப்பது இன்ஜின் அல்ல, முன்சக்கரம்தான். 180க்குப் பதில் 250 குதிரைத்திறன் கொடுத்தாலும் அந்த வேகம் வரை ஒரு வினாடிகூட மிச்சமாகாது. நகரச் சாலையிலும் மலைச்சாலையிலும் நாம் ஓட்டும் வேகம் எல்லாம் இந்த எல்லைக்குள்தான் அடங்குகிறது.

இதை உணர்ந்த வடிவமைப்பாளர் உச்சத் திறனைத் துரத்துவதை விட்டுவிட்டு, எந்தச் சுழற்சியில் திராட்டிலைத் திருகினாலும் அந்த 3,100 நியூட்டனை நெருங்கும் விசை கைக்கு எட்டும்படி இன்ஜினை அமைப்பார். 1290இன் இன்ஜின் அப்படித்தான் அமைந்திருக்கிறது. 75 பாகை கோணத்தில் இரு சிலிண்டர்கள், சிலிண்டரின் விட்டம் 108 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் நகரும் வீச்சு 71 மி.மீ., மொத்தம் 1,301 சிசி. அதன் முன்னோடி ஆர்சி8 ஆர் என்ற ஃபேரிங் கொண்ட சூப்பர்பைக்கில் இருந்த 1,195 சிசி இன்ஜின். கேடிஎம் அந்த இன்ஜினின் விட்டத்தையும் வீச்சையும் கூட்டியது. உச்ச முறுக்குவிசை 6,500 சுழற்சியில் 144 நியூட்டன் மீட்டர். உச்சத் திறன் 8,870 சுழற்சியில். இந்த இரண்டு எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள்: 8,870 சுழற்சியில் 132 கிலோவாட் வரவேண்டுமானால் அங்கே முறுக்குவிசை 142 நியூட்டன் மீட்டராக இருக்கவேண்டும். இடையில் 2,300க்கு மேற்பட்ட சுழற்சிகள் கடந்தும் இழப்பு இரண்டே நியூட்டன் மீட்டர்! இவ்வளவு பெரிய இரட்டைச் சிலிண்டர் இன்ஜினில் இதைச் சாதிப்பது எளிதல்ல. 180 என்ற எண் இந்தச் சமதளமான வளைகோட்டின் வலது முனையில் தானாக வந்து அமைந்த விளைவு என்றே நான் அதைப் பார்க்கிறேன்.

108 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனுக்கு மேல் எரிபொருள் கலவை எரிவதே ஒரு சவால். நடுவில் மட்டும் ஒரு ஸ்பார்க் பிளக் இருந்தால் தீ 54 மி.மீ. பயணம் செய்து ஓரத்தை அடையவேண்டும். 8,870 சுழற்சியில் ஒரு முழுச் சுற்றுக்கே 6.8 மில்லி வினாடிதான் ஆகிறது. எரிதலுக்குப் பயன்படும் பகுதியோ ஏறத்தாழ ஒரு மில்லி வினாடிதான். அதனால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக்குகள் வைக்கப்பட்டிருக்கின்றன. எரிதல் விரைவாக முடிவதால் தீப்பொறியை மிக முன்கூட்டியே கொடுக்க வேண்டியதில்லை, 13.2க்கு 1 என்ற உயர்ந்த அழுத்த விகிதத்திலும் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றித் தானாகவே வெடித்து எரிவது) வராமல் காக்க இது உதவுகிறது. காற்று உள்ளே வரும் திராட்டில் குழாய்கள் ஒவ்வொன்றும் 56 மி.மீ. விட்டம் கொண்டவை. அவ்வளவு பெரிய வாயைக் கம்பியால் நேரடியாகத் திறந்தால் குறைந்த சுழற்சியில் இன்ஜின் திணறும். எனவே ஓட்டுநரின் கை சொல்வதைக் கேட்டு எவ்வளவு திறப்பது என்பதை மின்னணுக் கட்டுப்பாடு முடிவு செய்கிறது. இரு பிஸ்டன்களும் கிராங்கின் ஒரே முளையில் இணைந்திருப்பதால் எரிதல்கள் 285 பாகை, 435 பாகை என்று சமமற்ற இடைவெளியில் நிகழ்கின்றன. இந்த இன்ஜினின் தனித்த ஒலிக்குக் காரணம் இதுவே. 90 பாகையில் அமைந்த இரட்டைச் சிலிண்டரைப் போல 75 பாகை அமைப்பு தன் முதன்மை அதிர்வைத் தானே ஈடுசெய்துகொள்ளாது. அதற்காக ஒரு சமன்தண்டு சேர்க்கப்பட்டிருக்கிறது. அதற்கு ஈடாக இன்ஜின் நீளம் குறைகிறது. வண்டியின் எடையை முன்னோக்கித் தள்ளிவைக்க அந்தக் குறுகிய நீளம் பயன்படுகிறது.

எதிர்முகாமையும் பார்ப்பது நல்லது. 2020இல் வந்த டுகாட்டி ஸ்ட்ரீட்ஃபைட்டர் வி4, பானிகாலே சூப்பர்பைக்கின் ஃபேரிங்கைக் கழற்றிய வண்டி. 1,103 சிசியில் 208 குதிரைத்திறன்; ஆனால் அது 12,750 சுழற்சியில் கிடைக்கிறது. முறுக்குவிசை 123 நியூட்டன் மீட்டர், அதுவும் 11,500 சுழற்சியில். ரேஸ் டிராக்கில் அது மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. சாலையில், நான்காவது கியரில், 80 கி.மீ. வேகத்தில் ஒரு லாரியை முந்தவேண்டிய நிலையில், நான் கேடிஎம்மைத்தான் தேர்ந்தெடுப்பேன். கியரைக் குறைக்காமலே வேலை முடிந்துவிடும்.

ஆஸ்திரியாவின் கிராஸ்கிளாக்னர் மலைச்சாலையில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. 48 கி.மீ. நீளம், 36 கொண்டையூசி வளைவுகள், உச்சத்தில் 2,504 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுவதால், இன்ஜினின் திறனும் ஏறக்குறைய 140 குதிரைத்திறனுக்கு இறங்கிவிடுகிறது. சிறிய இன்ஜினில் இந்த இழப்பு உடனே உறைக்கும். இங்கே வளைவிலிருந்து வெளியேறும்போது இரண்டாவது கியரில் மெல்லத் திருகினாலே போதுமானதாக இருந்தது. ஒரு குறையையும் சொல்லவேண்டும்: 3,000 சுழற்சிக்குக் கீழே உயர்ந்த கியரில் ஓட்டினால் செயின் வெட்டிவெட்டி இழுக்கும். பெரிய இரட்டைச் சிலிண்டர்களின் இயல்பு இது. நெரிசலான ஊர்த்தெருக்களில் கிளட்ச் பிடிக்கும் கைக்கு ஓய்வே கிடைக்காது.

இவ்வளவு விசையைப் பின்டயருக்கு அனுப்பும் வண்டியைச் சாதாரணமானவர் ஓட்டமுடிவதற்கு மின்னணுவியலே காரணம். வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதையும் கணக்கில் கொண்டு பிரேக்கைக் கட்டுப்படுத்தும் ஏபிஎஸ் அமைப்பை பாஷ் நிறுவனம் முதலில் கேடிஎம்மின் 1190 அட்வென்ச்சரில்தான் கொண்டுவந்தது. பிறகு அது சூப்பர் டியூக்குக்கும் வந்தது. பின்டயர் வழுக்கும் அளவை 9 படிகளில் ஓட்டுநரே அமைத்துக்கொள்ளும் வசதி பிந்தைய பதிப்புகளில் சேர்ந்தது. முன்சக்கரம் எழும்புவதைத் தடுக்கும் கட்டுப்பாட்டை டிராக் முறையில் தனியாக நிறுத்திவைக்கவும் முடியும். இந்த வண்டிக்குப் புதியவர் யாராக இருந்தாலும் அதை நிறுத்தவேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஃபேரிங் இல்லாததன் விளைவு சட்டகத்திலும் தெரிகிறது. அகலமான, உயரமான ஹேண்டில்பார் இருப்பதால் வண்டியைத் திருப்ப மிகக் குறைந்த விசை போதும். ஆனால் அதே ஹேண்டில்பாரை நம் கைகள் பிடித்திருக்க, நம் மார்பைக் காற்று தள்ளுகிறது. 160 கி.மீ. வேகத்தில் வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து எதிர்கொள்ளும் காற்றுவிசை 70 கிலோ எடைக்குச் சமம். அதில் கணிசமான பங்கு உடம்பின்மீது விழுகிறது. பின்னோக்கித் தள்ளப்படும் உடம்பு ஹேண்டில்பாரை இழுக்கிறது, முன்சக்கரத்தின் பாரம் குறைகிறது, ஹேண்டில்பார் நடுங்கத் தொடங்குகிறது. இதற்காகத்தான் ஸ்டீயரிங் டாம்பர் பொருத்தப்பட்டிருக்கிறது. ஜெர்மனியின் நெடுஞ்சாலையான ஆட்டோபானில் 130 கி.மீ. வேகத்தில் ஒரு நாள் முழுவதும் போகலாம். 180ஐத் தாண்டினால் சிறிது நேரத்திலேயே கழுத்து வலிக்கும். 2020இல் வந்த மூன்றாம் தலைமுறையில் இன்ஜினையே பாரம் தாங்கும் உறுப்பாக்கி, முறுக்கத்தைத் தாங்கும் உறுதியை மூன்று மடங்காக்கினார்கள். நேரடியாகப் பொருத்தப்பட்டிருந்த பின் ஷாக் அப்சார்பருக்கு லிங்கேஜ் அமைப்பும் (இடையே இணைக்கும் நெம்புகோல்கள்) வந்தது. நேர்கோட்டில் வண்டி அமைதியாக இருப்பதற்கு, என் கணிப்பில், இந்த இரண்டு மாற்றங்களும் எந்தக் குதிரைத்திறனையும்விட அதிகம் உதவியிருக்கின்றன.

பலரும் கவனிக்காத இன்னொரு வேலை, வெளியே தெரியும் உறுப்புகளை ஒழுங்குபடுத்துவது. ஃபேரிங் உள்ள பைக்கில் ரேடியேட்டர் குழாய், வயரிங், எண்ணெய்க் குழாய் எல்லாம் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் மறைந்துவிடும். அதே பிளாஸ்டிக் ரேடியேட்டருக்குள் காற்றை வழிநடத்தவும் செய்யும். இங்கே அந்த உதவி இல்லை. சூடான காற்று ஓட்டுநரின் தொடைகளைத் தொட்டே வெளியேறுகிறது. கோடைகாலப் போக்குவரத்து நெரிசலில், பின் சிலிண்டருக்கு மேல் உட்கார்ந்திருப்பவர் அதை நன்றாகவே உணர்வார்.

நீண்ட தூரம் வேகமாகப் போகவேண்டியவர்களுக்காக கேடிஎம் 2016இல் சூப்பர் டியூக் ஜிடி என்ற வண்டியைக் கொண்டுவந்தது. கிட்டத்தட்ட அதே இன்ஜின், 173 குதிரைத்திறன், அதோடு முன்கண்ணாடியும் பாதி ஃபேரிங்கும். நாள் ஒன்றுக்கு 500 கி.மீ. நெடுஞ்சாலையில் போகிறவர் எனக்குத் தெரிந்தவராக இருந்தால் அதையே வாங்கச் சொல்வேன். வளைந்து நெளியும் சாலைகளில் ஓட்டுகிறவருக்கு சூப்பர் டியூக் ஆர் போதும். 2024இல் 1,350 சிசியாக வளர்ந்து 1390 என்ற பெயரில் வந்த வாரிசு, வால்வு திறக்கும் உயரத்தைச் சுழற்சிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டு 190 குதிரைத்திறன் தருகிறது. முறுக்குவிசையோ 145 நியூட்டன் மீட்டர். பத்தாண்டுகளுக்கு முன் இருந்ததைவிட ஒன்றே ஒன்றுதான் கூடியிருக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் நீங்கள் இருந்தால், அந்தப் பத்துக் குதிரைத்திறனுக்காக அதிகப் பணம் கொடுக்கவேண்டாம். 2020க்குப் பிந்தைய சட்டகம் உள்ள 1290 நல்ல நிலையில் கிடைத்தால் அதையே ஓட்டிப்பாருங்கள்.