அண்ணனின் பங்கு, தம்பியின் பவர் பத்திரம்

கேள்வி: ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோய் உள்ள என் அண்ணனை 11 ஆண்டுகளாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அம்மா முன்பே போய்விட்டார். அப்பா சென்ற ஆண்டு உயில் எழுதாமல் காலமானார். ஒரு நாளும் எட்டிப் பார்க்காத கோலாலம்பூர் தம்பி, அண்ணனிடம் பவர் ஆஃப் அட்டர்னியில் கையெழுத்து வாங்கிவிட்டான். அப்பாவின் வீட்டை விற்று அவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பானாம். அண்ணனின் உதவித்தொகையை அவர் ஏடிஎம் கார்டில் எடுத்துத்தான் குடும்பச் செலவையும் பார்க்கிறேன். போலீஸில் புகார் செய்யவா, நானும் ஒரு பவர் வாங்கவா?
– ஜெலுத்தோங் வாசகி

பதில்: சகோதரி, தம்பி எட்டிப் பார்க்காதது நீதிமன்றத்துக்குத் தேவையில்லாத விஷயம். கையெழுத்துப் போட்ட அன்று, அந்தப் பத்திரம் என்ன செய்யும் என்று அண்ணனுக்குப் புரிந்ததா? வழக்கு இதில்தான் நிற்கும். மனநோய் உள்ளவரும் தெளிவாக இருக்கும் நேரத்தில் ஒப்பந்தம் செய்யலாம் என்கிறது மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆவது பிரிவு. ஓகேயு கார்டும் (மாற்றுத்திறனாளி அட்டை) மருந்துச் சீட்டும் மட்டும் போதாது. அந்த நாட்களில் அவர் நிலை என்ன என்று சொல்லும் மனநல மருத்துவரின் அறிக்கை வேண்டும். போலீஸ் புகாரால் இது தீராது.

நீங்கள் பவர் வாங்கவே வாங்காதீர்கள். தம்பிக்கு எழுதிக் கொடுத்தபோது அண்ணனுக்குப் புரியவில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த மாதமே உங்களுக்கு எழுதி வாங்கினால், உங்கள் வழக்கை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள். தம்பிக்குக் கொடுத்ததை ரத்து செய்ய அண்ணனிடம் கையெழுத்து வாங்கினாலும் இதே கதிதான்.

2001ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யுங்கள். தன்னையும் தன் காரியங்களையும் அண்ணனால் கவனிக்க முடியாது என்று விசாரணையில் முடிவானால், நீதிமன்றம் பொறுப்பாளரை நியமிக்கும். சாதாரண பவர் அத்தோடு செத்துவிடும். பொறுப்பாளராக யார் வந்தாலும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் அண்ணனின் வீடு, நிலத்தை விற்க முடியாது.

எனக்குப் பயம் அந்த ஏடிஎம் கார்டில்தான். உண்மையாகப் பார்த்துக்கொண்டவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்கள் பாசத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். வங்கிக் கணக்கு அறிக்கையை விரித்து வைத்து, 'மார்ச் 3ஆம் தேதி எடுத்த 400 வெள்ளி எங்கே?' என்று வரிவரியாகக் கேட்பார். அந்தக் காசு அரிசிக்கும் ஆஸ்பத்திரிக்குப் போன கிராப் வாடகைக் காருக்கும் போயிருக்கும். ஆனால் கையில் ரசீது இல்லையென்றால், அண்ணன் பணத்தைத் தின்றவர் என்ற பெயர் உங்களுக்கு. 11 ஆண்டு உழைப்புக்குக் கூலி என்று அவர் பங்கில் நீங்களாக எடுத்துக்கொள்ளவும் முடியாது.

இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, தொகை, எதற்கு, யாருக்கு என்று எழுதுங்கள். மளிகைக் கடை ரசீதின் மை சில மாதங்களில் மறைந்துவிடும், அதனால் வாங்கிய அன்றே போட்டோ எடுங்கள். அண்ணனுக்கான செலவை உங்கள் வீட்டுச் செலவோடு கலக்காதீர்கள். பழைய ஆண்டுகளுக்கு வங்கி அறிக்கையும் மருத்துவமனை அட்டையும் கிடைக்கிற அளவுக்குச் சேருங்கள். இல்லாத ரசீதை மட்டும் உருவாக்காதீர்கள். ஒரு போலி ரசீது அகப்பட்டால் மற்ற எல்லாமும் பொய்யாகிவிடும், அண்ணனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் கைவிட்டுப் போகலாம்.

தம்பி சொல்லும் இல்லத்தையும் விசாரியுங்கள். நான்கு பேர் அல்லது அதற்கு மேல் தங்கும் பராமரிப்பு இல்லம் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். தனியார் மனநல நர்சிங் ஹோம் என்றால் மனநலச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும்.

ஆனால் உங்கள் கணக்கு இருக்கும் நிலையில், சமரசம் பேசுங்கள் என்றுதான் சொல்வேன். 1958ஆம் ஆண்டு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி மூவருக்கும் சமபங்கு, அதில் சண்டைக்கு இடமே இல்லை. தம்பி பவரை எழுத்து மூலம் கைவிடட்டும். அண்ணனைக் கவனிக்கும் பொறுப்பு உங்களுக்கு, சொத்துப் பொறுப்பு இருவருக்கும், ஆண்டுதோறும் கணக்குத் தம்பி கைக்கு என்று சேர்ந்தே மனுச் செய்யுங்கள். வீட்டை எப்போது விற்றாலும் அண்ணனின் மூன்றில் ஒரு பங்கு தனிக் கணக்கில் போக வேண்டும் என்பதை நீதிமன்ற ஆணையிலேயே எழுத வையுங்கள். அதுவரை அப்பாவின் சொத்து தொடர்பான எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.