பெட்டியில் வந்த விமானம்

கேள்வி: பையனுக்காக ஒரு ரிமோட் விமானம் வாங்கினேன். பால்சா மரம், ஐந்தடி இறக்கை, ஃபேக்டரியிலேயே ஒட்டி, மேலே ஃபிலிமும் போட்டு வந்திருக்கிறது. மோட்டாரையும் செர்வோக்களையும் (இறக்கை, வால் மடல்களை அசைக்கும் குட்டி மோட்டார்கள்) மாட்டினால் போதும் என்கிறார் கடைக்காரர். வருகிற ஞாயிறு பறக்கவிடலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: இந்த ஞாயிறு வேண்டாம், அது மேசை மேலேயே இருக்கட்டும். பெட்டியில் ஏ.ஆர்.எஃப். என்று போட்டிருக்குமே, அதற்கு 'கிட்டத்தட்டப் பறக்கத் தயார்' என்று அர்த்தம். அந்தக் 'கிட்டத்தட்ட'வில்தான் வம்பே இருக்கிறது. பால்சா விமானங்களைப் பெரும்பாலும் ஆட்கள்தான் கையால் ஒட்டுகிறார்கள், மேலே பளபளவென்று ஃபிலிம் ஒட்டிவிட்டால் உள்ளே எந்த மூட்டில் பசை போட்டார்கள், எதில் மறந்தார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது. என் முதல் விமானத்தில் எலிவேட்டரை, அதாவது வாலில் மேலும் கீழும் அசையும் மடலை, பிடித்து லேசாகத்தான் இழுத்தேன், மூன்று ஹிஞ்சில் (கீலில்) ஒன்று ஆடுகிற பல் மாதிரி கையோடு வந்துவிட்டது. பசை பட்ட அடையாளமே அதில் இல்லை! மேலே போய்க் கழன்றிருந்தால்?

அதனால் எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பு மடல்), எலிவேட்டர், ரடர் (வாலின் நிமிர்ந்த மடல்) எல்லாவற்றையும் ஒவ்வொரு ஹிஞ்சாக இழுத்துப் பாருங்கள். அப்புறம் டார்ச் அடித்து மூக்குக்குள் பாருங்கள். மோட்டாரைத் தாங்குகிற பிளைவுட் பலகை, அதாவது ஃபயர்வால், அதன் ஓரங்கள் வறண்டு கிடந்தால் எப்பாக்சி பசை தடவி, மூலையில் முக்கோணக் குச்சி வைத்து ஒட்டிவிடுங்கள். சக்கரக் கம்பி உட்காரும் கட்டைக்கும் இதே வைத்தியம்தான். மோட்டார் திருகுகளுக்கு த்ரெட்லாக் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு.

பேட்டரியை உள்ளே வைத்து, கூட வந்த புத்தகத்தில் சொன்ன சமநிலைப் புள்ளியில் (பொதுவாக இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வரும்) இரண்டு விரல் நுனியில் தூக்குங்கள். மூக்கு கொஞ்சம் தாழ்ந்தால் பரவாயில்லை, வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே தள்ளாமல் பறக்கவிடவே கூடாது. பின்னால் நின்றபடி ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே எழ வேண்டும். சிரிக்காதீர்கள், இதைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வருகிற பழைய ஆட்களையே பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஃபெயில்சேஃப், அதாவது ரிமோட்டின் சிக்னல் போனால் மோட்டார் தானே நின்றுவிடும் ஏற்பாடு. புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் ரிசீவரை (விமானத்துக்குள் சிக்னல் வாங்கும் பெட்டி) மறுபடி ரிமோட்டோடு பைண்ட் செய்து, அதாவது ஜோடி சேர்த்து, அதைச் சரிசெய்யாமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

கேள்வி: எலக்ட்ரிக் மோட்டார்தானே, பெட்ரோல் எஞ்சின் அளவுக்குக் கையை வெட்டாது இல்லையா?
- அதே வாசகர்

பதில்: வெட்டும் சார். சின்ன எஞ்சின் விரலில் இடித்தால் அணைந்துவிட வாய்ப்பாவது உண்டு, மோட்டார் தடை வந்ததும் இன்னும் கரண்ட் இழுத்துத் தொடர்ந்து சுற்றப் பார்க்கும். ஆகவே வீட்டில் எந்தச் சோதனைக்கும் புரொப்பெல்லர் வேண்டாம். மைதானத்தில் பேட்டரி பிளக்கைச் செருகுவது கடைசி வேலையாக இருக்கட்டும், ரிமோட்டை முதலில் போட்டு, த்ராட்டிலை (மோட்டார் வேகத்துக்கான ஸ்டிக்) அடியில் வைத்துவிட்டுச் செருகுங்கள், பையனை இறக்கைக்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். உப்பிப்போன லிப்போ பேட்டரியை மறுபடி சார்ஜ் போட வேண்டாம்.