இறுக்கிய பின்னலும் ஏறும் நெற்றியும்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. பாடசாலைக்காகத் தினமும் விடியவே எண்ணெய் வைத்து, இழுத்து வாரி இரட்டைப் பின்னல் போட்டு அனுப்புகிறேன். சில மாதங்களாக நெற்றியின் இரு பக்கமும் காதுக்கு மேலேயும் முடி ஐதாகி வருகிறது. வெங்காயச்சாறு பூசச் சொல்கிறார்கள். பூசலாமா?
— ஒரு தாய், பரந்தன்

பதில்: வேண்டாம், சகோதரி. வெங்காயச்சாறு புழுவெட்டுக்குச் சொல்லப்படுவது; பிள்ளையின் தோலில் எரிவையும் உண்டாக்கும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், நாளாந்தம் முடியை வேரோடு இழுப்பதே காரணமாகத் தெரிகிறது. அந்த இழுவை நிற்கும்வரை எந்த எண்ணெய்யும் உதவாது.

பகல் வெளிச்சத்தில் நெற்றியோரத்தைப் பாருங்கள். விளிம்பில் பூனைமுடி போலக் குட்டை முடி ஒரு வரிசை மிஞ்சியிருக்க, அதற்குப் பின்னால் ஐதாக இருந்தால் இழுவைதான் காரணம் என்பதற்கு அது நல்ல அடையாளம். முடியடியில் வெள்ளையாக, விரலால் இழுத்தால் முடியோடு நகரும் சிறு குழல்கள் தெரிந்தால், இழுவை இன்னும் தொடர்கிறது. அதைப் பொடுகென்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள்.

புழுதி ரோட்டில் சைக்கிளில் போகும் பிள்ளைக்கு முடியை விரித்துவிட முடியாது. பாடசாலை விதியும் விடாது. ஆகவே பின்னலையே மாற்றுவோம். பின்னலைக் காதுக்கு மேலே தொடங்காமல் பிடரியோடு, தாழ்வாகத் தொடங்குங்கள். முதல் மூன்று முறுக்கும் சுண்டுவிரல் உள்ளே போகுமளவு தளர்வாக இருக்கட்டும். கீழே போகப் போக இறுக்கலாம். பின்னி முடித்ததும் மகளைப் புருவம் உயர்த்தச் சொல்லுங்கள். நெற்றித் தோல் இழுபட்டாலோ "நோகுது" என்றாலோ அவிழ்த்துத் திரும்பப் பின்னுங்கள். அந்த நோவைப் பழகிப்போகும் என்று விடக்கூடாது, வேர் காயப்படுவதை அதுதான் முதலில் சொல்கிறது. பின்னலை மடித்துக் கட்ட வேண்டாம். அகலத் துணி ரிபனால் நுனியில் மட்டும் கட்டுங்கள். நேருச்சியைக் கன்ன உச்சியாக வாரத்துக்கு வாரம் மாற்றினால் ஒரே இடம் இழுபடாது.

விடியக் கிணற்றடியில் தலைமுழுகிவிட்டு ஈரத்தோடு பின்னுவது கூடாது. ஈரமுடி அதிகம் நீண்டு, எளிதில் அறும். பின்னேரமே முழுகவைத்துக் காயவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துவிடுங்கள். இரவில் தளர்ந்த ஒற்றைப் பின்னல் போதும். எண்ணெய் கொஞ்சமாக, நுனிப்பக்கம் வைக்கலாம். நெற்றியோரத்தில் சிறு பருக்கள் இருந்தால் அங்கே எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர்தான் வளரும், அவசரப்பட முடியாது. மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்துப் பாருங்கள். மூன்று, நான்கு மாதமாகியும் புதுமுடி தெரியாவிட்டால் வைத்தியசாலைத் தோல் கிளினிக்கில் காட்டுங்கள். சீழ்ப்பரு, வட்டமாக முடி உதிர்ந்த இடம், செதிலோடு முறிந்த முடி இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். தோல் வழுவழுப்பாகி முடித்துளையே தெரியாமல் போயிருந்தால் உடனே போங்கள். தழும்பான இடத்தில் முடி திரும்ப முளைப்பது கடினம். மாதவிடாய் அதிகமாகப் போகும் பிள்ளையென்றால் இரத்தத்தில் இரும்புச்சத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முடி வளரப் பூசும் மினொக்சிடில் போன்ற மருந்தைப் பார்மசியில் நீங்களாக வாங்கி இந்த வயதுப் பிள்ளைக்குப் பூசாதீர்கள்.